'சேர்ந்தால்' வேறு, 'சேர்ந்ததா' வேறு!
ஆங்கில மனுவில் கவனிக்க வேண்டிய ஒரு சொல்

பெங்களூர் சிவாஜிநகரிலோ ஸ்ரீராம்புரத்திலோ குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவர், ரேஷன் கார்டில் மகன் பெயரைச் சேர்க்க மனுக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல நாளாகியும் தகவல் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுகிறார்:

"ப்ளீஸ் இன்பார்ம் மீ இப் மை சன்ஸ் நேம் இஸ் ஆடட்."

அவர் கேட்க நினைத்தது, "பெயர் சேர்ந்ததா என்று சொல்லுங்கள்" என்பது. ஆனால் இதே வாக்கியத்துக்கு, "பெயர் சேர்ந்தால் சொல்லுங்கள்" என்றும் பொருள் உண்டு!

பெயர் சேரவில்லை என்றால் பதில் போட வேண்டியதில்லை என்று குமாஸ்தா கடிதத்தை மடித்து வைத்துவிடலாம். கடிதத்தின்படி பார்த்தால் அவர்மேல் குற்றமும் இல்லை.

ஒரே சொல், இரண்டு வேலை

தமிழில் இந்தக் குழப்பம் கிடையாது. கன்னடத்திலும் 'பந்தரே' என்றால் வந்தால். 'பந்திதெயா' என்றால் வந்திருக்கிறதா. ஆங்கிலத்தில் 'இப்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது.

'இப்' வரும் இடத்தில் 'வெதர்' என்று எழுதினால் 'சேர்ந்ததா' என்ற பொருள் மட்டுமே நிற்கும். அதைவிட நல்லது, நேராகக் கேட்பது: "ஹாஸ் மை சன்ஸ் நேம் பீன் ஆடட்? இப் நாட், வாட் இஸ் பெண்டிங்?"

நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உதவி கேட்கும்போது, "ஐ ஷல் பி கிரேட்புல் இப்..." என்று பணிவாகத் தொடங்கலாம். விவரம் கேட்கும்போது கேள்விக்குறிதான் பலன் தரும்.

150 சொற்கள்

2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, மனுவை ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் எழுத வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும். பதில் தர 30 நாள் கெடு.

கர்நாடக அரசு 2008-ல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் இருக்கலாம். பொதுவாக 150 சொற்களைத் தாண்டக்கூடாது. சுற்றி வளைக்க அங்கே இடமில்லை.

அதிகாரி தம் கருத்தைச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆகவே இந்த மனுவில், "ஏன் சேர்க்கவில்லை?" என்பதைவிட, "என் மனுமீது போட்ட உத்தரவின் நகலைத் தாருங்கள்" என்று கேட்பதே மேல்.

கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன், 'இப்' வரும் வரியை ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். 'சேர்ந்ததா' என்று வந்தால், அங்கே ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.