கிளட்ச் 'கப்'புனு பிடிக்குதா? செட் மாத்தும் முன் இதைப் பாருங்க!

சென்னிமலையில் பெட்ஷீட் பேல் ஏற்றிய பழைய லாரி. பெடலை மெதுவாக விட்டாலும் உலுக்கிக்கொண்டு எகிறுகிறது. "கிளட்ச் கப்புனு புடிக்குதுங்க" என்பார் டிரைவர். உடனே கிளட்ச் செட்டை மாற்றுவது அவசரம்.

டயருக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விடச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பாருங்க (முன்னால் யாரும் நிற்கக் கூடாது). இன்ஜின் தூக்கி ஆடினால் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம். செலவு கம்மி.

அடுத்து, கிளட்ச் ஹவுசிங் அடியில் ஆயில் கசிவு இருக்கா? கந்தக வாடை அடித்தால் பெரும்பாலும் கியர் ஆயில். இல்லையென்றால் இன்ஜினின் பின்பக்க சீல் மீது சந்தேகம். ஆயில் பட்ட பிளேட் வழுக்கும், திடீரெனக் கவ்வும். சீலை விட்டுவிட்டுப் புது பிளேட் போட்டால் அதுவும் நனைஞ்சிடும்.

சீல் மாற்ற கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். அப்படியே ஃப்ளைவீலையும் பாருங்க. நீலத் திட்டுகள் இருந்தால் அது சூட்டின் தடம். லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தாவிட்டால் உலுக்கல் திரும்ப வரும்.