கேட்பதற்கு ஓர் ஆள்

விடுமுறைக்கு வந்தவள் முதல் இரண்டு நாளும் தூங்கினாள். மூன்றாம் நாள் பின்னேரம் பாசிக்குடாக் கடலுக்குள் இறங்கி நடந்தோம். இந்தக் கடலை அறிந்தவர்களுக்குத் தெரியும், கரையை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்ட நேரமெடுக்கும். பின்னால் ஹோட்டல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கிய நேரம் அவள் நின்றாள்.

"சின்னம்மா, நான் வேலைய விடப்போறன்."

அக்காவின் மகள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படித்து, மூன்று வருடத் தாதியர் பயிற்சி முடித்து, அரச நியமனம் பெற்றவள். நியமனக் கடிதம் வந்த அன்று அக்கா தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். கிடைத்த இடம் சிங்களம் பேசும் ஊர். வீட்டிலிருந்து ஒரு நாள் பயணம். எந்த வைத்தியசாலை என்று எழுதப் போவதில்லை. அவள் அங்கே போய் ஏழு மாதம்.

சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறாள். இரவு அதை எனக்குக் காட்டினாள். சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருள். 'ரிதெனவா - நோகுது.' 'வதுர - தண்ணி.' 'கரகெவில்ல - தலைச்சுத்து.' ஒரு பக்கத்தின் அடியில் 'ஹுஸ்ம - மூச்சு' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. அந்தக் கோடுகளின் கதையைத்தான் பிறகு சொன்னாள்.

நைட் என்பது இரவு ஏழு தொடங்கிக் காலை ஏழு வரை, பன்னிரண்டு மணித்தியாலம். அன்று கூட நின்ற சீனியரை ஆள் பற்றாத இன்னொரு வாட்டுக்கு அழைத்துவிட்டார்கள். இவள் தனி. இரண்டு மணிபோல ஒரு பாட்டி கையைப் பிடித்து 'ஹுஸ்ம, ஹுஸ்ம' என்றாராம். தலையணையை உயர்த்தச் சொல்கிறார் என்று நினைத்து உயர்த்தி வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தபோதுதான் உதட்டின் நிறம் கண்ணில் பட்டது. ஒட்சிசன் வைத்து, டொக்டரைக் கூப்பிட்டு, பாட்டி பிழைத்துக்கொண்டார்.

"ஏசினாங்களா?" என்றேன்.

"ஒருத்தரும் ஏசல்ல சின்னம்மா. ஒருத்தரும் ஒண்டும் கேக்கவும் இல்ல. காலைல ஹேண்டோவர் குடுத்தன், ரூமுக்குப் போனன். அவ்வளவுதான்."

அவளை உடைத்தது அந்த இரவல்ல, அந்தக் காலைதான் என்று நினைக்கிறேன்.

1974-இல் மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர், தாதியர் ஏன் தொழிலை விட்டுப் போகிறார்கள் என்று ஒரு நூலே எழுதினார். கல்லூரியில் கற்ற தாதிமைக்கும் வாட்டில் காணும் தாதிமைக்கும் நடுவே புதியவள் விழும் அந்தப் பள்ளத்துக்கு 'யதார்த்த அதிர்ச்சி' என்று பெயர் வைத்தார். கல்லூரியில் ஒரு நோயாளியை முழுமையாகப் பராமரிக்கக் கற்றவளுக்கு, வாட்டில் முப்பது பேரின் மருந்து நேரத்துக்குள் ஓட வேண்டியிருக்கிறது. எதையுமே சரியாகச் செய்யவில்லை என்ற குற்றவுணர்வோடு ரூமுக்குப் போகிறாள். அந்தக் குற்றவுணர்வு வருவது நல்ல பிள்ளைகளுக்குத்தான். பத்து வருடம் கழித்து, 1984-இல், பற்றிசியா பென்னர் என்ற தாதியியல் ஆய்வாளர் இன்னொன்றைச் சொன்னார்: ஒரே வகையான வேலையில் இரண்டு மூன்று வருடம் நின்ற பிறகே ஒரு தாதி 'தேர்ந்தவர்' என்ற படிக்கு வருகிறார். அதுவரை அவருக்கு விதிகள் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். ஏழு மாதத்தில் தனி நைட்டில் தடுமாறியது அவளுடைய குறையே அல்ல.

இதைச் சொன்னபோது அவள் அழுதாள். அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் வேறு பேச்சு. "அரசாங்க உத்தியோகம், பென்சன், விட்டா கிடைக்குமா?" என்பது அக்காவின் ஒரே வாதம். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதைக் கண்ட தலைமுறைக்கு அந்த வாதம் பிடிக்காது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவைமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்று அரசே சுற்றறிக்கை விட்டது. கூடப் படித்த ஒருத்தி ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை வகுப்புக்குப் போகிறாளாம். பிரித்தானியப் பதிவுக்கு எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். வளைகுடாவில் பெரும்பாலும் முதலில் கேட்பது அனுபவத்தைத்தான். ஏழு மாதத்தோடு எழுந்து போகிறவளுக்கு அந்தக் கதவும் சுலபமாகத் திறக்காது.

போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உலகம் முழுக்க 58 லட்சம் தாதியர் குறைவு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. எங்கள் பிள்ளைகளை அழைக்கும் நாடுகள் அழைத்துக்கொண்டுதான் இருக்கும். தமிழ்நாட்டில் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நின்ற ஒப்பந்தச் செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவ இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களுடைய கேள்வி சம்பளமும் நிரந்தரமும். இவளுக்கு இரண்டும் ஓரளவு இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: இரவு இரண்டு மணிக்கு 'இது என்ன?' என்று கேட்க ஓர் ஆள்.

முதல் ஆறு மாதமாவது புதியவளை ரொஸ்டரில் ஒரு முழு ஆளாகக் கணக்கெடுக்கக் கூடாது. இன்னாரிடம்தான் கேட்க வேண்டும் என்று ஒரு சீனியரின் பெயர் அவளுக்குச் சொல்லப்பட வேண்டும். அனுப்பும் ஊரின் மொழியை அனுப்புவதற்கு முன் கற்பிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். இதைச் செய்யாததால்தானே ஆள் பற்றாமல் போகிறது.

மொழி விசயம் ஒரு பக்கத்துக் கதையும் அல்ல. அம்மா கடைசியாக வைத்தியசாலையில் கிடந்தபோது, அந்த வாட்டில் நின்ற சிங்களப் பிள்ளைக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். அதற்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல்: 'நோகுதா?' மருந்து கொடுக்கும்போதும் 'நோகுதா?', விரிப்பு மாற்றும்போதும் 'நோகுதா?', விடியப்புறம் ஜன்னலைத் திறக்கும்போதும் 'நோகுதா?' அம்மா ஒவ்வொரு முறையும் "இல்ல மகள்" என்பார். நோகும்போதும் அதையேதான் சொன்னார், அந்தப் பிள்ளை கவலைப்படக் கூடாதென்று. வலி எங்கே என்பதை நான் இடையில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. நான் இல்லாத நேரங்களை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

இவளுக்கு ஆசை வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு வர. வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம். கிரான் வயலில் பாம்பு கடித்தவர், வலை இழுத்துக் கை கிழிந்தவர், மாரியில் டெங்குக் காய்ச்சலோடு வரும் பிள்ளைகள். "அவங்க சொல்றது எனக்கு முழுசா விளங்கும், சின்னம்மா" என்றாள். இடமாற்றம் உடனே கிடைக்கிற காரியம் இல்லை. அதுவரை தாக்குப்பிடிப்பதா என்பதுதான் அவளுடைய உண்மையான கேள்வி.

நான் சொன்னது இரண்டுதான். நைட் முடிந்து வந்த காலையில் எந்த முடிவும் எடுக்காதே. அடுத்தது, அந்த இரவைப் பற்றி உன் வாட் சிஸ்டரிடம் நீயே போய்ப் பேசு. கேட்கட்டும் என்று காத்திருக்காதே.

"ஏலா சின்னம்மா. பயம்."

"பயத்தோடயே பேசு புள்ள."

ஞாயிறு இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கொப்பி பையின் வெளிப்பக்கத்தில் இருந்தது. புதன்கிழமை ஃபோன் வந்தது.

"சிஸ்டரிட்டக் கதைச்சன். அவவும் முதல் வருசம் டொய்லட்டுக்குள்ள நிண்டு அழுதவவாம். அடுத்த ரொஸ்டர்ல என்னத் தனிய போடல்ல."

"நல்லம்."

"மூண்டு கிழமைக்குத்தான் எண்டு சொன்னா. அதுக்குப் பிறகு பாப்பம்." பின்னால் யாரோ "மிஸ்" என்று கூப்பிடுவது கேட்டது. "வைக்கிறன் சின்னம்மா, பதினோராம் கட்டில்."