பனிக்கடியில் மறைந்த பூமி

பூகம்பம் என்றதும் இடிந்த வீடுகளும் அலறும் ஜனங்களுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. ஆயினும், ஜப்பானிலோ சிலியிலோ நாசம் விளைவித்த அதிர்ச்சியே, பூமியின் வயிற்றினூடே பிரயாணம் செய்து, தென் துருவத்தின் இரகசியம் ஒன்றையும் நமக்கு அறிவித்து விடுகிறது.

அண்டார்க்டிகா கண்டத்தைச் சராசரி சுமார் இரண்டு கிலோமீட்டர் கனத்துக்குப் பனி மூடியிருக்கிறது. அதற்கடியிலுள்ள பாறையின் தன்மையை அறிவது எங்ஙனம்? மண்பானை வாங்கும் பெண்மணி விரலால் தட்டி, ஓசையைக் கொண்டே விரிசலை அறிகிறாள் அல்லவா? விஞ்ஞானிகளின் முறையும் ஏறக்குறைய அதுதான். தட்டும் விரல் மட்டும் இயற்கையினுடையது. பூகம்ப அலைகள் குளிர்ந்து இறுகிய பாறையில் விரைந்து செல்லும். சூடேறிய பாறையில் தாமதிக்கும். பனிமீது வைத்த பூகம்பமானிக்கு அவை முந்தி வந்தனவா, பிந்தி வந்தனவா என்று கணக்கிட்டால், வந்த வழி விளங்கிவிடும்.

கிழக்குப் பகுதியில் பனிக்கடியில் புதைந்துள்ள காம்பர்ட்ஸெவ் மலைத்தொடரை 1958-ல் சோவியத் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கே பூகம்பமானிகளை நாட்டியபோது, பூமியின் மேலோடு அவ்விடத்தில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் கனமுள்ளதென்று தெரிந்தது. மேற்குப் பகுதியின் பெரும்பிளவிலோ அதில் ஏறத்தாழப் பாதிதான். மேலோட்டின் கீழுள்ள 'மான்டில்' என்னும் பாறை அடுக்கும் அங்கே பல இடங்களில் சூடேறி, எளிதில் நெகிழும் நிலையில் இருக்கிறது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். பனி கரைந்து பாரம் குறையும்போது, நெகிழ்ந்த மான்டில் மெல்ல நகர்ந்து தரையை உயர்த்துகிறது. அமுந்த்ஸென் கடலோரத்தில் தரை ஆண்டுக்கு 41 மில்லிமீட்டர் வரை உயர்வதாக 2018-ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. உயரும் தரை பனியின் அடிவாரத்தைத் தாங்கி, அது கடலில் சரிவதைத் தாமதப்படுத்தக்கூடும்.

எனினும் இந்த உதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. உலகம் வெளியிடும் கரியமில வாயு குறைந்தால், அண்டார்க்டிகாவால் விளையும் கடலேற்றம் 40 சதவீதம் வரை குறையலாமென்று 2024-ல் வெளியான கணிப்பு சொல்கிறது. குறையாவிட்டாலோ, பனி மிக விரைவாகப் பின்வாங்கிவிடும். அப்போது உயரும் தரையே கடல்நீரை அப்பால் தள்ளி, தூரதேசக் கரைகளில் நீர்மட்டத்தை இன்னும் ஏற்றிவிடும்.

பூமி தன்னாலியன்ற கைம்மாறு செய்ய ஆயத்தமாகவே இருக்கிறது. அதற்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுப்பது மனிதர் பொறுப்பு.