நேற்று ஸ்டூடண்ட்... இன்று வாத்தியார்!

‘பூட் கேம்ப்’ என்றதும் பட்டாளத்தில் சேர்ந்து மண்மூட்டை தூக்குகிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுத் தருகிற சில மாதத் தடாலடிக் கோர்ஸ். 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் ‘டெவ் பூட்கேம்ப்’ ஆரம்பித்து வைக்க, அமெரிக்கா பூரா பரவியது. ஃபீஸ்? பல இடங்களில் பத்தாயிரம் டாலருக்கு மேல்!

படித்து முடித்தும் வேலை கிடைக்கவில்லையா? சில இடங்களில் அவர்களே கூப்பிட்டு, ‘டீச்சிங் ஃபெலோ’ என்று பட்டம் கட்டி, அடுத்த பேட்ச்சுக்குச் சந்தேகம் தீர்க்க உட்கார வைத்துவிடுவார்கள். சில மாத கான்ட்ராக்ட், மணிக்கணக்குச் சம்பளம். (நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் பண்ணின அக்கா, புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு ‘ஏ எஸ் டி எஃப்’ சொல்லித் தருவாரே, அந்த மாதிரி. ஆனால், அந்த அக்கா தலையில் டாலர் கடன் கிடையாது!)

நியூஜெர்ஸியிலிருக்கும் என் அக்கா பையன் இந்த உத்தியோகம் பார்த்தான். எந்த இடம் என்பது வேண்டாம். “பாடம் நடத்துறப்ப நான் வாத்தியார், மாமா. சம்பளம் தர்றப்ப மட்டும் இன்னும் ஸ்டூடண்ட்!” என்றான் போனில்.

மணிக்கு 20 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 40 மணி நேரம், வருஷம் பூரா லீவே போடாமல் உழைத்தாலும் 41,600 டாலர்தான். நியூயார்க்கில் ‘ஃபிளாட்அயர்ன் ஸ்கூல்’ என்ற பூட் கேம்ப், படித்தவர்களின் சராசரிச் சம்பளம் என்று விளம்பரம் செய்ததோ 74,447!

அதே விளம்பரத்தில், ‘98.5% பேருக்கு வேலை’ என்றும் இருந்தது. அந்தக் கணக்கில் அப்ரன்டிஸ், கான்ட்ராக்ட், ஃப்ரீலான்ஸ் எல்லோரும் உண்டு. சம்பளச் சராசரிக்கு மட்டும் முழுநேர வேலைக்காரர்கள்! மாநில அட்டர்னி ஜெனரல் பிடித்துக்கொள்ள, 2017-ல் 3,75,000 டாலர் கட்டச் சம்மதித்தார்கள்.

எனக்கு உறுத்துவது சம்பளத்தைவிட இந்தத் தலைக்கணக்குதான். குறைந்த கூலிக்கு ஒரு வாத்தியாரும் ஆச்சு... ‘எங்கள் மாணவருக்கு வேலை’ என்று ஒரு தலையும் கூடியாச்சு! சில பூட் கேம்ப்கள் சேர்ந்து அமைத்த சி.ஐ.ஆர்.ஆர். என்ற அமைப்பு, ‘பள்ளியே வேலைக்கு வைத்துக்கொண்டவர்கள்’ என்று தனி வரியாகக் காட்டச் சொன்னது சும்மாவா? பணம் கட்டும் முன்னால் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

வாத்தியார் வேலை வீண் என்று சொல்லமாட்டேன். அடுத்தவர் தப்பைத் திருத்தித் திருத்தியே பையனுக்குப் பாடம் நெட்டுருவானது. ஆனால், இன்டர்வியூவில் கேட்டது, “சொந்தமாக என்ன எழுதியிருக்கிறாய்?” என்றுதான். அதற்கு நேரம் எங்கே?

‘புளூம்டெக்’ (பழைய பெயர் லாம்டா ஸ்கூல்) மீது 2024-ல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தபோது ஒரு சங்கதி வெளியே வந்தது. ‘ஒரு பேட்ச்சில் நூற்றுக்கு நூறு வேலை!’ என்று அதன் தலைவர் ட்விட்டரில் பெருமையடித்திருந்தார். கணக்கில் இருந்தது எத்தனை பேராம்?

ஒரே ஒரு ஸ்டூடண்ட்!