‘எந்நேரமும் தூக்கம்தான் இவனுக்கு’: தென்காசிப் பிள்ளைகளின் சோர்வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஜூன் பிறந்தால் தென்காசிக்கு இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேரும். ஒன்று குற்றாலச் சீசன், இன்னொன்று பள்ளிக்கூடத் திறப்பு. மேற்கே மலையில் மேகம் இறங்கி ஊருக்குள் சாரல் தூவ ஆரம்பித்தால், பேரருவி, ஐந்தருவிப் பக்கம் இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளில் வெகுநேரம் வரை கல் சூடு ஆறாது. விடிந்தால் ஏழு மணிக்கெல்லாம் தெருமுனையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்.

அந்த இரவுக்கும் இந்தக் காலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது வீட்டில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளைகள்தான். "ஏல, எந்திரில, வேன் வந்துரும்" என்று அம்மா நாலு தடவை குரல் கொடுத்தாலும் போர்வை அசையாது. எழுந்தாலும் மூஞ்சி கடுகடு. சாப்பாடு வேண்டாம். சாயங்காலம் வந்தால் கையில் போன். "சோம்பேறி ஆயிட்டான்", "அவளுக்குத் திமிரு ஏறிருச்சு" என்று வீடு தீர்ப்பு எழுதிவிடுகிறது.

மருத்துவம் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுதுவதில்லை. முதலில் அது கேட்கும் கேள்வி, "எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?"

உடம்புக்குள் தள்ளிப்போகும் கடிகாரம்

இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும். அதுதான் உடம்புக்கு ‘இரவு வந்துவிட்டது’ என்று சொல்கிறது. பூப்பெய்தும் பருவத்தில் இந்தச் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்குகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கிய விஷயம் இது. ஒன்பது மணிக்கே சொக்கிப் போன பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பத்தரை, பதினொன்று ஆனாலும் கண் சொருகாது. வீம்பெல்லாம் இல்லை, வயசுதான் காரணம்.

தூக்கத்தின் தேவை மட்டும் குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. இப்போது நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டியூஷன், ஹோம்வொர்க், போன் எல்லாம் முடிந்து பதினொன்றரைக்குப் படுத்து, ஐந்தே முக்காலுக்கு எழுகிற பிள்ளைக்குக் கிடைப்பது ஆறே கால் மணி நேரம். குறைந்தபட்சத் தேவையை வைத்துப் பார்த்தாலே தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் துண்டு விழுகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை கூட்டினால் எட்டே முக்கால் மணி நேரம். அதாவது, வாரத்துக்கு ஒரு முழு இரவு கடன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூங்கி அந்தக் கடனை அடைக்கப் பார்க்கிறார்கள். கொஞ்சம் அடையும். ஆனால், உடம்புக் கடிகாரம் இன்னும் தள்ளிப்போய், அன்றிரவு தூக்கம் வராமல் திங்கட்கிழமைக் காலை மறுபடியும் போராட்டம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தைக் காலை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். ‘லேட்டா எந்திரிக்கலாம்னா லேட்டாத்தான் படுப்பாங்க’ என்ற சந்தேகம் அங்கேயும் இருந்தது. மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தபோது, பிள்ளைகள் தினமும் சராசரியாக அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கியது தெரிந்தது. கலிபோர்னியா மாநிலம் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது.

நம்மூரில் பள்ளி மணி அடிப்பது பெரும்பாலும் ஒன்பது மணியை ஒட்டித்தானே என்று தோன்றும். ஆனால், வேன் கணக்கு வேறு. கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றி வரும் வேனில் முதலில் ஏறுகிற பிள்ளைதான் அதிக தூக்கத்தை இழக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்றால் காலை ஸ்பெஷல் கிளாஸ் வேறு. படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான் என்பதால், தூக்கத்தை வெட்டிப் படிக்க வைப்பது எந்த வகையில் லாபம் என்று பள்ளிகள்தான் சொல்ல வேண்டும்.

இரவுப் பரோட்டா, வெறும் வயிற்றுக் காலை

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடும். ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் குறையும். தூக்கம் கெட்ட நாளில் எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் கூப்பிடுவது போல இருப்பது இதனால்தான். 250 மில்லி கோலா பாட்டிலில் சுமார் 26 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது.

பார்டர் பரோட்டாவை வில்லன் ஆக்க வேண்டியதில்லை. சீசனுக்கு நாலு தடவை சால்னா ஊற்றிச் சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சிக்கல், பத்து மணிக்கு மேல் வயிறு நிறையச் சாப்பிடுவது வீட்டிலேயே பழக்கமாகும்போதுதான். காலையில் பசிக்காது. ஒரு டம்ளர் டீயோடு வேன் ஏறிவிடுவார்கள்.

இங்கே அரசின் கணக்கிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். சத்துணவு 10-ஆம் வகுப்போடு நின்றுவிடும். உயரமும் எடையும் மளமளவென்று கூடும் வயதில் காலைச் சாப்பாடும், பிளஸ் ஒன்னில் மதியச் சாப்பாடும் கைவிட்டுப் போகின்றன.

ரத்தசோகை என்ற சத்தமில்லாத பிரச்சினை

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம். படி ஏறினால் மூச்சு வாங்குவது, கவனம் நிற்காதது, காரணமில்லாத எரிச்சல் இவையெல்லாம் அதன் அறிகுறிகள். ‘திமிரு’ என்ற பட்டியலில் வீடு எழுதி வைத்திருப்பவற்றில் பாதி இதில் வந்துவிடும்.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். "வயித்தப் பெரட்டுது" என்று அதைத் தூக்கிப் போடும் பிள்ளைகள் உண்டு. காரணம் பெரும்பாலும் வெறும் வயிறு. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அதில் உள்ள டானின் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். வைட்டமின் சி இதற்கு நேர் எதிர், சத்தை உடம்பு ஏற்க உதவும். எலுமிச்சைக்குப் பேர் போன புளியங்குடி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கீரையும் பருப்பும் இருக்கும் தட்டில் அரை மூடி எலுமிச்சை பிழிவதற்குப் பெரிய செலவில்லை.

உட்கார்ந்தே கழியும் நாள்

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2019-ல் வெளியான அதன் ஆய்வு, இந்தியாவில் 11 முதல் 17 வயதினரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு இது வாய்ப்பதில்லை என்றது. பிஇடி பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது பழைய ஜோக். கடன் மட்டும் திரும்பி வருவதே இல்லை. பிளஸ் ஒன்னில் அரசு தரும் சைக்கிளைத் தினமும் மிதிக்கிற பிள்ளை, வேனில் உட்கார்ந்து போகிற பிள்ளையை விட இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தது.

எல்லாமே ‘பழக்கம்’ என்று சொல்லிவிடவும் முடியாது. கடையநல்லூர், கீழப்பாவூர் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில், பள்ளி விட்டு வந்ததும் அம்மாவுக்குக் கைகொடுக்கத் தட்டை மடியில் வைத்து உட்காரும் பெண் பிள்ளைகள் உண்டு. குனிந்த முதுகும் புகையிலைத் தூசியும் அவர்கள் தேர்ந்தெடுத்தவை அல்ல. அவர்களிடம் போய் ‘உடற்பயிற்சி செய்’ என்று சொன்னால் போதாது, அந்த வீட்டின் கூலியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

போன் எவ்வளவு குற்றவாளி?

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக வலைதளக் கணக்கு வைத்திருக்கத் தடை போட்டிருக்கிறது. சமூக வலைதளம் நேரடியாக மனச்சோர்வை உண்டாக்குகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால், தூங்க வேண்டிய நேரத்தைப் போன் தின்கிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. எனவே பகலில் போனைப் பிடுங்கிச் சண்டை போடுவதை விட, இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லா போன்களையும் ஹாலில் சார்ஜில் போடுவது பலன் தரும். ‘எல்லா’ என்பது முக்கியம். நள்ளிரவு வரை லேப்டாப்பும் ரீல்ஸுமாக இருக்கும் வொர்க் ஃப்ரம் ஹோம் அண்ணனும் அக்காவும் சொல்லும் "போய்த் தூங்கு" எந்தத் தம்பி காதிலும் ஏறாது.

எப்போது உதவி தேட வேண்டும்?

தூக்கம் கெட்ட மூளை சின்ன விஷயத்துக்கும் பெரிதாகக் கொதிக்கும். அதை அடக்கும் முன்மூளைப் பகுதியோ இருபத்தைந்து வயது வாக்கில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. ஒரு கோபத்தை வைத்து மனநோய் என்று பயப்பட வேண்டாம். அதே சமயம், இது இருவழிப் பாதை. தூக்கமின்மை மனச்சோர்வுக்குக் கொண்டு போகலாம். மனச்சோர்வின் முதல் அறிகுறியே தூக்கமின்மையாகவும் இருக்கலாம். உலக அளவில் 10 முதல் 19 வயதினரில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் வாட்டம் நீடித்தால், பிடித்த விளையாட்டும் கூட்டாளிகளும் வேண்டாம் என்றானால், மார்க் சட்டென்று சரிந்தால் டாக்டரைப் பார்க்கலாம். ரத்தப் பரிசோதனையில் தொடங்கினாலும் தப்பில்லை. "செத்துறலாம் போல இருக்கு" என்ற பேச்சு வந்தால், அதை விளையாட்டாக எடுக்காமல் அன்றைக்கே உதவி தேட வேண்டும். பிள்ளையைத் தனியே விடக் கூடாது.

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைதான் கூப்பிட வேண்டும் என்றில்லை. வெளியூரில் வேலையில் இருக்கும் அண்ணனோ அக்காவோ கூட அழைத்து, "என் தம்பி இப்படி இருக்கான், என்ன செய்யட்டும்?" என்று கேட்கலாம்.