கிரேக்கத் தீவு எதுக்கு, இடைசெவல் இருக்கே! கி.ரா. தன் ஊரில் எப்படி வாழ்ந்தார்?

'வேலையை விட்டுட்டு ஒரு குட்டித் தீவுக்குப் போறோம், கடலைப் பார்த்து ஒரு மேசை போடுறோம், நாவல் எழுதுறோம்.' இந்தக் கனவு ரீல்ஸில் வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடுகிறது. வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், பக்கத்தில் ஒரு பூனை. பின்னணியில் கிரேக்கம்.

இந்தக் கனவுக்கு ஒரு நிஜக் கதையும் உண்டு. கனடாக் கவிஞரும் பாடகருமான லியனார்ட் கோஹன், 1960-ல் கிரேக்கத்தின் ஹைட்ரா தீவில் 1,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 26. பாட்டி விட்டுச்சென்ற பணம் கையில் இருந்தது. கார், லாரி ஓடாத தீவு. அங்கே உட்கார்ந்து கவிதையும் நாவலும் எழுதினார்.

அதே 1960-ல் மதுரைக்குத் தெற்கே, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் தன் ஊரிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் எங்கேயும் வீடு தேடிப் போகவில்லை. பிறந்த ஊர், பரம்பரை நிலம், சுற்றிலும் கடலுக்குப் பதிலாகக் கரிசல் மண். ஊர் இடைசெவல். எழுத்தாளர் கி.ராஜநாராயணன், நாம் எல்லோரும் சொல்கிற கி.ரா.

'அமைதியான எழுத்து வாழ்க்கை' என்று நாம் ஆசைப்படுவது உண்மையில் எப்படி இருக்கும், அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஹைட்ராவைவிட இடைசெவல் நல்ல இடம்.

எங்கே இருக்கிறது?

மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ் ஏறினால், திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி பக்கம் வரும்போதே ஜன்னலுக்கு வெளியே மண் கறுக்கத் தொடங்கும். விருதுநகர், சாத்தூர் என்று போகப் போக முழுக்கக் கரிசல். சுமார் 100 கி.மீ. தொலைவில் கோவில்பட்டி. அதைத் தாண்டி கயத்தாறு போகும் வழியில் இடைசெவல். நாற்கர சாலையில் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போயிருக்கும். பல தடவை அப்படித் தூங்கிக்கொண்டே கடந்தவர்களில் நானும் ஒருத்தி.

கரிசல் மண் ஒரு மாதிரியான மண். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து உப்பும். காலில் அப்பிக்கொண்டு விடாது. வெயில் வந்தால் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். ஆற்றுப் பாசனம் கிடையாது. வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. சோளம், கம்பு, உளுந்து, பருத்தி. தை, மாசியில் அறுப்பு. பருத்தி எடுப்பு அதற்கும் கொஞ்சம் பின்னால் வரை இழுக்கும். அதன் பிறகு கோடை உழவு தவிரப் பெரிய வேலை இல்லாத நீண்ட வெயில் காலம்.

இந்தக் காலண்டர் முக்கியம். தஞ்சாவூர் மாதிரி ஆற்றுத் தண்ணீர் பாய்கிற ஊரில்லை இது. வேலை இல்லாத மாதங்களில் ஆட்கள் வேப்பமர நிழலிலும் மடத்துத் திண்ணையிலும் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு கதையாகும். கதை ஒருத்தர் வாயிலிருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போகும்போது மாறும். கி.ரா. கதை சொல்கிற விதம், வழியில் நின்று இன்னொரு கதைக்குள் புகுந்து திரும்பி வருகிற அந்த நடை, இந்த வெயில் காலத்திலிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

ஒரே ஊர், இரண்டு ரூட்

இடைசெவலில் இருந்து வந்தவர் கி.ரா. மட்டும் இல்லை. 1923-ல் அங்கே பிறந்த கு.அழகிரிசாமியும் தமிழின் முக்கியமான சிறுகதைக்காரர். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வயசு, சின்ன வயசு முதலே சிநேகிதர்கள். சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து இசைப் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள். விளாத்திகுளம் சாமிகள் பாட்டுக்காக வழி நடந்த காலம் அது. நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில்தான் குடியிருந்தார். 'குக்கிராமம், அங்கே என்ன இருக்கு' என்று நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அப்புறம் இருவரின் வழியும் பிரிந்தது. அழகிரிசாமி சார் பதிவாளர் அலுவலக எழுத்தர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார். பத்திரிகை வேலை. 'ஆனந்தபோதினி', 'பிரசண்ட விகடன்', 'சக்தி'. 1952-ல் மலேயாவுக்குப் போய் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்தார், 1957-ல் திரும்பி வந்து மறுபடியும் பத்திரிகை. இன்றைக்கு நம்மில் பலர் வாழ்கிற வாழ்க்கைதான்: மாதச் சம்பளம், டெட்லைன், கிடைத்த நேரத்தில் சொந்த எழுத்து. 1970 ஜூலையில் 46 வயதில் இறந்துபோனார். சாகித்ய அகாடமி விருது 'அன்பளிப்பு' தொகுப்புக்காக அவர் மறைவுக்குப் பிறகுதான் வந்தது.

கி.ரா. ஊரிலேயே இருந்தார். இளவயதில் காசநோய் வாட்டியது. பள்ளிப் படிப்பு முடியவில்லை. முதல் கதை 'மாயமான்' 1958-ல் 'சரஸ்வதி' இதழில் வந்தபோது வயது முப்பத்தைந்தை ஒட்டி இருக்கும். இன்றைய கணக்கில் 'லேட்'. 25 வயசுக்குள் எதையாவது சாதிக்கவில்லை என்றால் முடிந்துவிட்டது என்று பயப்படுகிற தலைமுறைக்கு இந்தத் தகவல் கொஞ்சம் ஆறுதல்.

சென்னை போன நண்பருக்கும் ஊரில் இருந்த நண்பருக்கும் இடையே ஓடியது கடிதம். அழகிரிசாமி எழுதிய கடிதங்களை கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார், அவை பிறகு புத்தகமாகவே வந்தன. போஸ்ட்மேன் வருகிற நேரம்தான் அந்த வீட்டுக்கு நோட்டிஃபிகேஷன். பின்னாளில் 'ஜூனியர் விகடன்' வாசகர்களுக்கு அவர் எழுதிய தொடருக்கும் 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்றே பெயர்.

அமைதி என்றால் சும்மா இருப்பதா?

இல்லை. ஒரு மானாவாரி விவசாயியின் நாள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் மாட்டுக்குத் தீவனம். காடு. களையெடுப்புக்கு ஆள் கூப்பிடணும். மழை வருமா என்று மேகம் பார்க்கணும். வரலைன்னா கடன். வந்து கெடுத்தாலும் கடன். நடுவில் பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்து. இதற்கு மேல் கி.ரா. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், விவசாயிகள் பக்கம் நின்றவர், அதற்காகச் சிறைக்கும் போனவர். தனிமை தேடி ஒதுங்கிய ஆளில்லை.

அவருடைய 'கதவு' கதையைப் படித்தால் இது புரியும். ஓர் ஏழை வீடு. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் எதுவும் இல்லை. வீட்டுக் கதவுதான் அவர்களுடைய பஸ்ஸும் ரயிலும். அதில் ஒரு தீப்பெட்டிப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன் பிறகு அந்தக் குடும்பத்துக்கு நடப்பதை இங்கே சொல்லப் போவதில்லை, படித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கி 'ஃபீல்ட் ஒர்க்' செய்கிறவருக்குத் தீர்வை பாக்கி தெரியும், ஜப்தி தெரியும். கதவில் ஒட்டிய தீப்பெட்டிப் படம் கண்ணில் படாது. அதற்கு அந்தத் தெருவில் தினமும் நடந்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எழுத்தாளரின் அமைதிக்குப் பின்னால் எப்போதும் யாராவது வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். கரிசல் விவசாய வீடுகளில் களையெடுப்பது, பருத்தி எடுப்பது, மாடு கன்று பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில். கி.ரா. வீட்டில் கணவதி அம்மாள். கணவர் இலக்கியம் பேசிக்கொண்டிருக்கும்போது வருகிற நண்பர்களுக்கெல்லாம் உலை வைத்தது யார் என்ற கேள்வியைக் கேட்காமல் இந்த வாழ்க்கையைக் கொண்டாட முடியாது. சொந்த நிலம் என்ற ஒன்று இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலிக்குப் போகிற ஒருவர் அதே ஊரில் அதே திறமையோடு இருந்திருந்தால் முப்பத்தைந்து வயதில் எழுத உட்கார்ந்திருப்பாரா?

வார்த்தைகளைச் சேர்த்தவர்

ஊரில் இருந்ததால் கி.ரா.வுக்குக் கிடைத்த பெரிய சொத்து வார்த்தைகள். 'சம்சாரி' என்று ஒரு சொல். பொதுவாகக் குடும்பஸ்தன் என்று அர்த்தம். கரிசலில் சம்சாரி என்றால் விவசாயி. மண்ணும் மாடும் இருந்தால்தான் குடும்பம் என்கிற ஒரு முழு வாழ்க்கை அந்த அர்த்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. 'விவசாயி' என்று எழுதினால் அது போய்விடும். மதுரைக்காரர்களுக்கு 'வெஞ்சனம்' தெரியும், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. இந்தச் சொல் தெரியாத ரூம்மேட்டிடம் சொல்லிப் பாருங்கள், முழிப்பார். அண்ணன் மனைவி இங்கே 'மைனி'. கண்மாய் வாயில் வரும்போது 'கம்மாய்'.

இப்படிப்பட்ட சொற்களை 'கொச்சை' என்று ஒதுக்கிய காலத்தில், கி.ரா. அவற்றைக் கதையின் உரையாடலில் மட்டும் இல்லாமல் கதை சொல்கிறவரின் குரலிலும் வைத்தார். அதோடு நிற்காமல், நண்பர்கள் உதவியோடு கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தார். பல்கலைக்கழகத் துறை ஒன்று ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு சம்சாரி செய்தார். அவருடைய பல புத்தகங்களைப் போட்ட அன்னம் பதிப்பகமும் பெருநகரத்தில் இல்லை. மதுரையை அடுத்த சிவகங்கையில் கவிஞர் மீரா நடத்தியது.

1976-ல் 'கோபல்ல கிராமம்'. ஆந்திரத்திலிருந்து தப்பி வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய தெலுங்கு பேசும் மக்களின் கதை. வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகள்தான் அதன் அடித்தளம். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாடமி விருது.

கடைசியில் அவரும் கிளம்பினார்

இங்கேதான் 'ஊரைவிட்டுப் போகாதே' என்கிற அறிவுரைக் கதை உடைகிறது. 1980-களின் கடைசியில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, கி.ரா. புதுச்சேரிக்குப் போனார். புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டுப்புறவியலுக்காக அவரைப் பேராசிரியராக அழைத்தது. கல்லூரி வாசலை மாணவராகத் தாண்டாதவர் பேராசிரியர் ஆனார். மிச்ச வாழ்க்கை முழுக்க அங்கேதான். எழுத்தும் நிற்கவில்லை. இடைசெவலை அவர் புதுச்சேரியிலிருந்தே எழுதினார். அழகிரிசாமி சென்னையிலிருந்து எழுதியதைப் போல.

அப்படியானால் இருந்தவருக்கும் போனவருக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது இது: அறுபது வருஷம் காதில் விழுந்ததை வைத்து இன்னொரு முப்பது வருஷம் எழுத முடிந்தது. அழகிரிசாமியின் நல்ல கதைகள் பலவற்றில் இடைசெவலின் பிள்ளைகளும் ஏழை வீடுகளும்தான் வருகிறார்கள். இருபது சொச்சம் வயதுவரை சேர்த்தது அது. தூரம் பிரச்சினை இல்லை போல. கேட்ட காலம் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

கோவில்பட்டி வட்டாரத்தில் இந்த வரிசை இன்னும் நீள்கிறது. பூமணி, 'அஞ்ஞாடி'க்காக 2014-ல் சாகித்ய அகாடமி விருது. சோ.தர்மன், 'சூல்' நாவலுக்காக 2019-ல். தர்மனின் ஊர் உருளைகுடி. 'சூல்' முழுக்க ஒரு கண்மாயையும் அதை நம்பி வாழ்ந்த ஊரையும் பற்றியது. தூண்டிலோடு கண்மாய்க்கரையில் உட்கார்வது அவருக்கு இன்றும் பிடித்த விஷயம். ஹைட்ரா ரீல்ஸ் பார்க்கிறவர்கள் இதையும் ஒரு கண் பார்க்கலாம்.

கி.ரா. 2021 மே 17 அன்று புதுச்சேரியில் காலமானார். கொரோனா இரண்டாவது அலையின் நடுவில் உடல் இடைசெவலுக்கு வந்தது. தமிழக அரசு மரியாதையுடன் அடக்கம். கோவில்பட்டியில் சிலை, அவர் படித்த இடைசெவல் பள்ளியைப் புதுப்பிப்பது என்று அரசு அறிவித்தது. கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கமும் இப்போது இருக்கிறது.

போய்ப் பார்க்க நினைத்தால் இரண்டு விஷயம். பெரும்பாலான எக்ஸ்பிரஸ் பஸ் இடைசெவலில் நிற்காது. கோவில்பட்டியில் இறங்கி டவுன் பஸ் பிடிப்பது நல்லது. கார்த்திகை, மார்கழியில் போனால் கண்ணுக்கு எட்டிய வரை பச்சை, அழகாகப் போட்டோ வரும். பங்குனி, சித்திரையில் போனால் வெடித்த மண்ணும் வெயிலும்தான். ஆனால் அப்போதுதான் மர நிழலில் ஆட்கள் இருப்பார்கள், பேசுவதற்கு நேரத்தோடு.