சாம்பலில் எழுந்த பறவை

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில், ஊரார் கூடி அமைத்த பீலியை ஒருவன் அழுக்காக்கினால் அனைவர் குடமும் கெடும். கணினி உலகிலும் இவ்வாறு ஒன்று நிகழ்ந்ததுண்டு.

அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் ‘செகண்ட் லைப்’ என்னும் மாய உலகைத் திறந்தது. அங்கே வீடு கட்டலாம், கடை வைக்கலாம், முகமறியா நண்பரோடு உரையாடலாம். அதனுள் நுழைவதற்குரிய மென்பொருளின் மூலநிரலை 2007இல் அந்நிறுவனம் பொதுவில் வைத்தது. ஆர்வலர் சிலர் அதனைத் திருத்தி, ‘எமரால்ட்’ என்னும் கருவியாக்கி, விலையின்றி வழங்கினர். பலரும் விரும்பி ஏற்றனர்.

ஆயின், 2010 ஆகஸ்டில் ஒரு வஞ்சனை வெளிப்பட்டது. கருவியைத் திறப்போரின் கணினிகள், அவர்கள் அறியாமலே, அக்குழுவைக் குறைகூறிய ஒருவரின் இணையத்தளத்தைத் தாக்குமாறு அதன் நுழைவுப் பக்கம் அமைக்கப்பட்டிருந்தது. நிறுவனம் எமரால்டைத் தடுத்தது.

குழுவினின்று விலகியோர் சோர்ந்திலர். கெட்ட பீலியை அகற்றிப் புதுப்பீலி வைப்பார்போல, சாம்பலில் எழும் பறவையின் பெயரால் ‘பீனிக்ஸ்’ என்னும் கருவியை வெளியிட்டனர். பின்னர் ‘பயர்ஸ்டார்ம்’ வந்தது.

மாணாக்கரே, விலையின்றிக் கிடைப்பதை ஏற்குமுன், அதனை ஆக்கியவர் யார், அது என்ன செய்கிறது என வினவுங்கள். நீங்களே ஒன்றை ஆக்குவீராயின், பிறரது நம்பிக்கையே உங்கள் முதல் என்பதை மறவாதீர்.